பனியன் வேஸ்ட், பாலி கவர், பழைய டயர்: சத்தம் குறைந்த சாலை திருப்பூருக்குச் சாத்தியமா?

காங்கயம் ரோட்டிலோ பல்லடம் ரோட்டிலோ சாலையை ஒட்டி வீடு இருப்பவர்களுக்கு சுபுஹ் பாங்குக்கு முன்பே விழிப்பு வந்துவிடும். எழுப்புவது காலி லாரி. சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பும் வண்டி, குழாய்க்குத் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளத்தில் இறங்கி ஏறும்போது பின்கதவும் சங்கிலியும் போடும் சத்தத்தில் தொட்டில் குழந்தை அழத் தொடங்கிவிடும். நிட்டிங்கில் நைட் ஷிப்ட் முடித்துக் காலையில் வந்து படுப்பவர் பாடு இன்னும் மோசம். அவருக்குப் பகல்தான் இரவு. போக்குவரத்து உச்சத்தில் இருக்கும்போதுதான் அவர் தூங்கியாக வேண்டும்.

இதே ஊரில்தான் தினமும் கட்டிங் டேபிளில் இருந்து துண்டுத் துணி மூட்டை மூட்டையாக வெளியேறுகிறது. பேக்கிங்கில் இருந்து பாலி கவர் வருகிறது. பஞ்சர் கடை வாசலில் தேய்ந்த டயர் குவிகிறது. இந்த மூன்றையும் சாலை போடப் பயன்படுத்த முடியும். சரியான முறையில் பயன்படுத்தினால் சாலையின் சத்தமும் குறையும். ஆனால் மூன்றும் ஒரே வேலையைச் செய்வதில்லை. 'பிளாஸ்டிக் ரோடு போட்டால் எல்லாம் சரியாகிவிடும்' என்று நம்மில் பலர் பேசுகிறோம். எது சத்தத்தைக் குறைக்கிறது, எது பள்ளம் விழாமல் காக்கிறது, எது குப்பையை மட்டும் குறைக்கிறது என்று பிரித்துத் தெரிந்துகொண்டால்தான் மாநகராட்சியிடமும் நெடுஞ்சாலைத் துறையிடமும் சரியானதைக் கேட்க முடியும்.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

வண்டிச் சத்தம் என்றதும் ஹாரனும் சைலன்சரும்தான் நினைவுக்கு வரும். ஊருக்குள் நெரிசலில் அது உண்மைதான். ஆனால் ஒரு கார் மணிக்கு 40, 50 கிலோமீட்டரைத் தாண்டியதும் எஞ்சின் சத்தத்தை டயர் சத்தம் முந்திவிடும். லாரிக்கு இந்த எல்லை இன்னும் சற்று அதிக வேகத்தில் வருகிறது. பைக்குக்குப் பெரும்பாலும் எஞ்சினும் சைலன்சரும்தான் காரணம்.

டயர் எப்படிச் சத்தம் போடுகிறது? டயரில் உள்ள ஒவ்வொரு ரப்பர் கட்டையும் சாலையில் அறைந்து எழும்போது டயரே அதிர்கிறது. டயரின் வரிப்பள்ளங்களில் மாட்டிக்கொண்ட காற்று நசுங்கிப் பீறிட்டு வெளியேறுகிறது. டயரும் சாலையும் சேரும் இடத்தில் இருக்கும் ஆப்பு வடிவ இடைவெளி, பழைய கிராமபோன் குழாயைப் போல அந்த ஒலியைப் பெருக்கி வெளியே அனுப்புகிறது. எல்லாம் சேர்ந்து 1000 ஹெர்ட்ஸை ஒட்டிய இரைச்சலாக நம் ஜன்னலுக்கு வந்து சேர்கிறது. மனிதக் காதுக்கு நன்றாகக் கேட்கும் பகுதி அது.

சாலைப் பொறியாளர்கள் இதை மூன்று வழிகளில் குறைக்கிறார்கள். மேற்பரப்பில் சிறிய ஜல்லியைப் பயன்படுத்தி டயர் அறைவதை மென்மையாக்குவது ஒரு வழி. சாலைக்குள் நுண்ணிய காற்று இடைவெளிகளை விட்டு, நசுங்கும் காற்று கீழே இறங்கிப் போகச் செய்வது இரண்டாவது. சாலையையே கொஞ்சம் நெகிழ்ச்சியாக்குவது மூன்றாவது. கழிவுப் பொருட்கள் உதவுவது இந்த இடங்களில்தான்.

டெசிபல் கணக்கையும் இங்கேயே சொல்லிவிடலாம். 3 டெசிபல் குறைந்தால், சாலையில் ஓடும் வண்டிகளில் பாதியை நிறுத்தியதற்குச் சமம். 10 டெசிபல் குறைந்தால் காதுக்குச் சத்தம் பாதியாகிவிட்டது போல இருக்கும். ஆகவே '4 டெசிபல் குறைந்தது' என்று படிக்கும்போது சின்ன எண் என்று தள்ளிவிட வேண்டாம்.

நம் நாட்டின் ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000, குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. இரவு என்பது 10 மணி முதல் 6 மணி வரை. வணிகப் பகுதிக்கு 65, 55. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் போன்றவற்றைச் சுற்றியுள்ள அமைதி மண்டலத்துக்கு 50, 40. இவற்றை மீறிய சத்தத்தில் நீண்டகாலம் வாழ்பவர்களுக்குத் தூக்கம் கெடுவதோடு இதய நோய் ஆபத்தும் கூடுகிறது என்பதை வைத்துத்தான் உலக சுகாதார அமைப்பு 2018இல் ஐரோப்பாவுக்கான தன் வழிகாட்டுதலில் சாலைச் சத்தம் இரவில் 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்றது.

மதுரையில் தொடங்கிய பிளாஸ்டிக் சாலை

கழிவைச் சாலையில் சேர்ப்பது என்றால் தமிழ்நாட்டில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் ஆர். வாசுதேவன். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர். 2002இல் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே இவர் முறையில் சாலை போடப்பட்டது. அதே ஆண்டு சென்னை ஜம்புலிங்கம் தெருவிலும் போடப்பட்டது. 2006இல் கல்லூரிக்குக் காப்புரிமை கிடைத்தது. அதை வைத்துச் சம்பாதிக்காமல் அரசுக்கு இலவசமாகவே கொடுத்தார்கள். 2018இல் வாசுதேவனுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

பலர் நினைப்பது போல இதில் பிளாஸ்டிக்கைத் தாரில் போட்டுக் கரைப்பதில்லை. முதலில் ஜல்லியை 160 முதல் 170 டிகிரி வரை சூடாக்குகிறார்கள். சில மில்லிமீட்டர் அளவுக்கு நறுக்கிய பிளாஸ்டிக்கை அந்தச் சூட்டு ஜல்லியின் மேல் தூவுகிறார்கள். பாலித்தீன் 105 முதல் 130 டிகிரிக்குள் உருகிவிடும் என்பதால் ஒரு நிமிடத்துக்குள் ஒவ்வொரு கல்லின் மேலும் எண்ணெய் பூசியது போல ஒரு படலம் படிந்துவிடும். அதன் பிறகுதான் தார் ஊற்றுகிறார்கள். தார் அந்தப் படலத்தை நன்றாகப் பற்றிக்கொள்ளும். கல்லுக்கும் தாருக்கும் இடையில் தண்ணீர் நுழைவது குறையும். மழைக்காலத்தில் நம் சாலைகள் பெயர்வதற்குப் பெரிய காரணம் தண்ணீர் அந்த இடைவெளியில் புகுந்து தாரைக் கல்லில் இருந்து உரிப்பதுதான்.

இந்தியச் சாலைப் பேரவை 2013இல் இதற்கென்று எஸ்.பி. 98 என்ற வழிகாட்டி நூலை வெளியிட்டது. தாரின் எடையில் 6 முதல் 8 சதவீதம் பிளாஸ்டிக் சேர்க்கலாம் என்கிறது அது. ஒரு வழிச் சாலையில் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு டன் பிளாஸ்டிக் போகும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 2015 நவம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், 5 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களின் 50 கிலோமீட்டர் சுற்றளவில் தார்ச்சாலை போடுபவர்கள் கழிவுப் பிளாஸ்டிக்கைச் சேர்த்தாக வேண்டும் என்றது. 2011 கணக்கெடுப்பில் திருப்பூர் நகர்ப்புறத் தொகுப்பின் மக்கள்தொகை 9.63 லட்சம். கோவையும் பக்கத்தில்தான். ஆகவே நம்மைச் சுற்றிப் போடப்படும் சாலைகளைப் பற்றி 'பிளாஸ்டிக் சேர்த்தீர்களா?' என்று கேட்க நமக்கு முழு உரிமை உண்டு.

இனி முக்கியமான கேள்வி. பிளாஸ்டிக் சாலை சத்தத்தைக் குறைக்குமா? நேரடியாக இல்லை என்பதே நேர்மையான பதில். உருகிய பிளாஸ்டிக் சாலையை உறுதியாக்குகிறது. ஆனால் நெகிழ்ச்சியைத் தருவதில்லை, காற்று இடைவெளியையும் உண்டாக்குவதில்லை. அதே ஜல்லி அளவில் போட்டால் சாதாரணத் தார்ச்சாலையின் சத்தம்தான் கேட்கும். ஆனால் திருப்பூரில் நம் தூக்கத்தைக் கெடுக்கும் சத்தத்தில் பெரும்பங்கு பள்ளத்தில் விழுந்து எழும் வண்டியின் உடல் சத்தம். பள்ளம் விழாத சாலை அதை அடியோடு நிறுத்திவிடும். அந்த வகையில் ஊருக்குள் பிளாஸ்டிக் சாலை செய்யும் உதவி சிறியதல்ல. அதைச் 'சத்தம் குறைக்கும் தொழில்நுட்பம்' என்று விளம்பரப்படுத்துவதுதான் தவறு.

டயரிலிருந்து வந்த அமைதி

சத்தத்தை உண்மையிலேயே குறைத்துக் காட்டிய கழிவுப் பொருள் ரப்பர். இதன் கதை அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் தொடங்குகிறது. நம்மைவிட வெயில் கொளுத்தும் ஊர் அது. பீனிக்ஸ் மாநகரப் பொறியாளர் சார்லஸ் மெக்டொனால்ட் 1960களில் பழைய டயர்த் தூளைச் சூடான தாரில் கலந்து வேகவைத்து, வெடிப்பு விட்ட சாலைகளை ஒட்டப் பயன்படுத்தினார். அவர் தேடியது வெடிப்புக்கு மருந்து. சத்தம் குறைவது பிறகு தெரிய வந்த இலவச இணைப்பு.

பீனிக்ஸைச் சுற்றியுள்ள விரைவுச் சாலைகள் சிமென்ட் கான்கிரீட்டில் போடப்பட்டவை. வழுக்காமல் இருக்க அவற்றில் குறுக்காகக் கோடு கீறியிருந்தார்கள். அதனால் டயர்கள் ஊளையிட்டன. பக்கத்துக் குடியிருப்புகளில் இருந்து புகார் குவிந்தது. 2003இல் மாநிலப் போக்குவரத்துத் துறை அந்தக் கான்கிரீட்டின் மேல் ஓர் அங்குலக் கனத்தில் ரப்பர் தார்க் கலவையைப் பரப்பும் திட்டத்தைத் தொடங்கியது. தொடக்கத்தில் நல்ல பலன். வீட்டுக்குள் வித்தியாசம் தெரிந்ததும் மற்ற பகுதி மக்களும் 'எங்களுக்கும் போடுங்கள்' என்று கேட்டார்கள்.

ஆண்டுகள் போகப் போக அந்த ரப்பர் பரப்பு வெயிலில் இறுகியது. ஜல்லி உதிர்ந்தது. குறைந்த சத்தம் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. இப்போது அதே துறை பல இடங்களில் பழைய ரப்பர் அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு, அடியில் உள்ள கான்கிரீட்டையே வைரப் பல் இயந்திரத்தால் நெடுக்காக இழைத்து மென்மையாக்குகிறது. வெயில் நாட்டில் இருக்கும் நாம் இந்த இரண்டாம் பாதியைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும். ரப்பர் சாலையைப் போட்டுவிட்டு மறந்துவிட முடியாது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மேலடுக்கைப் புதுப்பிக்கப் பணம் ஒதுக்கியாக வேண்டும்.

நகரத்துக்குள் உள்ள சாலைக்கு நெருக்கமான உதாரணம் கலிபோர்னியாவில் இருக்கிறது. சாக்ரமெண்டோவின் ஆல்டா ஆர்டன் சாலையில் 1993இல் ரப்பர் கலந்த தார் போட்டார்கள். ஆறு ஆண்டுகள் கழித்து அளந்தபோதும் பழைய பரப்பைவிட 5 டெசிபல் அளவுக்குக் குறைவாகவே இருந்தது. மேலே சொன்ன கணக்கின்படி, அந்தச் சாலையில் மூன்றில் இரண்டு பங்கு வண்டிகளை நிறுத்தியது போன்ற விளைவு.

இந்தியாவிலும் இதற்கு விதிமுறை இருக்கிறது. டயர்த் தூள் கலந்த தாருக்கு 2004 முதலே இந்தியத் தர நிர்ணயம் உண்டு. ரப்பர் அதிகம் சேர்த்து, இடைவெளி விட்ட ஜல்லி அமைப்பில் போடும் மேலடுக்குக்கு இந்தியச் சாலைப் பேரவையின் எஸ்.பி. 107 என்ற நூல் 2015இல் வந்தது. ஆகவே 'நம் நாட்டில் இதற்கு விதி இல்லை' என்று ஒப்பந்ததாரர் சொன்னால் அது பொருந்தாது. சிரமம் வேறிடத்தில் இருக்கிறது. ரப்பர் தூளைத் தாரோடு 175 டிகிரிக்கு மேல் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குத் தனிக் கலன் வேண்டும், காத்திருக்கும் பொறுமை வேண்டும். இரண்டையும் மிச்சம் பிடித்தால் ரப்பர் தனியாக, தார் தனியாகப் பிரிந்து நிற்கும்.

இதையும் தாண்டி, கிட்டத்தட்ட முழுக்க ரப்பர் துகளையே பாலியூரித்தேன் பசையால் ஒட்டிச் சாலையாக்கும் முயற்சி 1970களில் ஸ்வீடனில் தொடங்கியது. ஜப்பானும் முயன்றது. 2009 முதல் 2015 வரை ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து ஒரு பெரிய ஆய்வையே நடத்தின. சத்தம் வியக்கத்தக்க அளவு குறைந்தது. ஆனால் பரப்பு அடியில் உள்ள சாலையில் இருந்து பெயர்ந்து வந்தது. விலையும் அதிகம். லாரி ஓடும் நம் சாலைகளுக்கு இது இப்போதைக்கு ஒத்துவராது.

பனியன் துணிக்கு இதில் என்ன வேலை?

திருப்பூரின் பின்னலாடைத் தொழில் 1925இல் குலாம் காதர் அவர்கள் தொடங்கிய பேபி நிட்டிங் ஆலையில் இருந்து வளர்ந்தது என்றே தொழில் வரலாறு சொல்கிறது. நூறு ஆண்டுகளில் இந்தியப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இங்கிருந்து போகும் நிலைக்கு வந்துவிட்டோம். அதோடு கழிவும் வளர்ந்தது. நூறு கிலோ துணியை வெட்டினால் பத்து கிலோவுக்குக் குறையாமல் துண்டு விழும் என்பது கட்டிங் மாஸ்டர்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

இதற்கும் சாலைக்கும் தொடர்பு இருக்கிறதா? இருக்கிறது. 1960களின் கடைசியில் ஜெர்மனியில் உருவான ஒரு சாலை வகை 'ஸ்டோன் மேட்ரிக்ஸ் அஸ்பால்ட்'. எஸ்.எம்.ஏ. என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். பெரிய ஜல்லிகள் ஒன்றோடு ஒன்று முட்டி நின்று லாரி எடையைத் தாங்கும். இடைவெளியைத் தாரும் மாவும் நிரப்பும். இதில் தார் அதிகம் தேவை. அதிகத் தார் இருந்தால் சூட்டில் ஒழுகிக் கீழே இறங்கிவிடும். அதைப் பிடித்து வைக்க ஒரு நார் வேண்டும். அந்த நார் பெரும்பாலும் செல்லுலோஸ். நம் காட்டன் துணியும் செல்லுலோஸ்தான்.

எஸ்.எம்.ஏ. சாலை சாதாரண அடர் தார்ச்சாலையைவிட ஓரிரு டெசிபல் அமைதியானது. 8 மில்லிமீட்டர் போன்ற சிறிய ஜல்லியில் போட்டால் பலன் இன்னும் கொஞ்சம் கூடும். இந்தியச் சாலைப் பேரவை 2008இல் இதற்காக வெளியிட்ட எஸ்.பி. 79, கலவையின் எடையில் குறைந்தது 0.3 சதவீதம் நார் சேர்க்கச் சொல்கிறது. நார் 8 மில்லிமீட்டருக்கு மேல் நீளமாக இருக்கக் கூடாது. ஈரம் 5 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். தன் எடையைப் போல நான்கு மடங்குக்கு மேல் எண்ணெய் உறிஞ்ச வேண்டும்.

கழிவு நார் இந்த வேலையைச் செய்யும் என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வில், பழைய டயருக்குள் இருக்கும் நூலிழையையும் பழைய கம்பள இழையையும் எஸ்.எம்.ஏ. கலவையில் சேர்த்துப் பார்த்தார்கள். விலை கொடுத்து வாங்கும் செல்லுலோஸுக்கு அவை குறைந்து போகவில்லை. கேரளத்தில் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தென்னை நாரையும் வாழை நாரையும் வைத்து இதே போன்ற சோதனை நடந்திருக்கிறது. தென்னை நார் முடியுமானால், நிட்டிங் மெஷினுக்கு அடியில் கூட்டி அள்ளும் பஞ்சுத் தூசும் ஓவர்லாக் வெட்டி எறியும் இழையும் சோதித்துப் பார்க்கத் தகுந்தவையே. பாலியஸ்டர் கலந்திருந்தாலும் இழையாகவே நிற்கும். அது உருக 250 டிகிரிக்கு மேல் வேண்டும், தார்க் கலவையோ 170 டிகிரி அளவில்தான் இருக்கிறது. ஒரே சூட்டில் பாலி கவர் உருகிக் கல்லில் பூசிக்கொள்கிறது, பாலியஸ்டர் நூல் உருகாமல் தாரைப் பிடித்து நிறுத்துகிறது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 7 மீட்டர் அகலம், 4 சென்டிமீட்டர் கனம், ஒரு கிலோமீட்டர் நீளம் என்றால் கலவை சுமார் 650 டன் வரும். அதில் 0.3 சதவீதம் நார் என்றால் 2 டன். அவ்வளவுதான்! இந்த ஊரில் சில பெரிய கம்பெனிகளின் துண்டுத் துணியே அதைவிட வேகமாகச் சேர்ந்துவிடும். ஆகவே சாலை நம் துணிக் கழிவை விழுங்கிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வெள்ளைக் கட்டிங் வேஸ்ட், கலர் கட்டிங் வேஸ்ட் எல்லாம் ஏற்கெனவே மறுசுழற்சி நூலுக்கும் ஒர்க்ஷாப் துடைப்புத் துணிக்கும் போகின்றன. பல குடும்பங்களின் பிழைப்பும் அதில் இருக்கிறது. அதைப் பறித்துத் தாரில் போடுவது வீண். நூலாகத் திரும்ப முடியாமல் கடைசியில் தீ வைக்கப்படும் தூசுக்கும் குப்பை இழைக்கும்தான் சாலை பொருத்தமான இடம்.

ரப்பருக்குக் கணக்கு வேறு. அதே ஒரு கிலோமீட்டரில் தார் சுமார் 40 டன். அதில் 15 சதவீதம் ரப்பர் என்றால் 6 டன். ஒரு கார் டயரில் இருந்து ஐந்து கிலோ அளவுக்குத் தூள் கிடைத்தாலும் ஆயிரத்துக்கு மேல் டயர்கள் தேவைப்படும். டயர்க் குவியல் உண்மையிலேயே கரையும்.

எந்தச் சாலைக்கு எது?

எல்லாச் சாலைக்கும் ஒரே மருந்து கேட்பது நாம் செய்யக்கூடிய பெரிய தவறு. அவினாசி, பெருமாநல்லூர் வழியாகப் போகும் சேலம்–கொச்சி நெடுஞ்சாலையிலும், பல்லடம் வழியாகப் போகும் கோவை–திருச்சி சாலையிலும் வண்டிகள் வேகமாக ஓடுகின்றன. அங்கே டயர் சத்தமே ராஜா. ரப்பர் தாரோ எஸ்.எம்.ஏ. மேலடுக்கோ போட்டால் பலன் தெரியும். அந்தச் சாலைகளை ஒட்டி இருக்கும் குடியிருப்புகளும் பள்ளிகளும் கேட்க வேண்டியது அதைத்தான்.

குமரன் ரோடு, காதர்பேட்டை, மங்கலம் ரோடு போன்ற இடங்களில் வண்டி 20 கிலோமீட்டர் வேகத்தில் போனாலே அதிசயம். அங்கே விலை உயர்ந்த அமைதிச் சாலை போட்டால் காசுக்குக் கேடு. ஹாரன் அடிப்பதை நிறுத்துவதும், பள்ளமில்லாத மேற்பரப்பும், சாக்கடை மூடிகள் ஆடாமல் சாலை மட்டத்தோடு இருப்பதும் போதும். பிளாஸ்டிக் பூசிய ஜல்லிச் சாலை இங்கே கைகொடுக்கும். சந்துகளில் இப்போது பேவர் பிளாக் பதிப்பது வழக்கமாகிவிட்டது. மழைநீர் இறங்க அது நல்லது. ஆனால் கல் இணைப்புகளில் சக்கரம் தட்டித் தட்டிப் போவதால் தார்ப் பரப்பைவிட அதில் சத்தம் அதிகம். நோயாளிகள், குழந்தைகள் அதிகம் உள்ள தெருவில் பேவர் போடும் முன் இதை யோசிக்க வேண்டும்.

நெதர்லாந்தின் விரைவுச் சாலைகள் பெரும்பாலும் ஐந்தில் ஒரு பங்கு காற்று இடைவெளி உள்ள துளைச் சாலைகள். சத்தம் நன்றாகக் குறைகிறது. அதையும் இங்கே கொண்டுவரலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அங்கே வேகமாக ஓடும் டயர்களே மழைநீரைத் துளைக்குள் அழுத்தி அழுக்கை வெளியேற்றிவிடும். நம் ஊரில் புழுதியும் மண் லாரியும் பஞ்சும் சேர்ந்து ஒரே கோடையில் துளைகளை அடைத்துவிடும். அடைத்த துளைச் சாலை சாதாரணச் சாலையாகிவிடும், விலை மட்டும் அதிகம். இதை நாம் கேட்காமல் இருப்பதே நல்லது.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடங்கள்

பிளாஸ்டிக் சாலையில் பி.வி.சி. கலக்கவே கூடாது. பழைய பைப், பேனர், ரெக்ஸின் எல்லாம் பி.வி.சி. குடும்பம். சூட்டில் அவை ஹைட்ரஜன் குளோரைடு என்ற அமில வாயுவை விடும். கலவை இயந்திரத்தின் அருகில் நிற்கும் தொழிலாளியின் நுரையீரலுக்குள்தான் அது முதலில் போகும். பெரும்பாலும் வெளிமாநிலத்தில் இருந்து வந்த, முகமூடிகூட இல்லாத தொழிலாளி. நம் வீடு அமைதியாக இருப்பதற்கு இன்னொருவர் மூச்சு விலையாகக் கூடாது.

சாயத் துணியைப் பற்றியும் கவனம் வேண்டும். சாயக் கழிவு நொய்யலுக்கும் ஒரத்துப்பாளையம் அணைக்கும் என்ன செய்தது, 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது வரை அந்த விவகாரம் எப்படிப் போனது என்பதை இந்த ஊர் மறக்காது. சாலையில் சேரும் நார் தாருக்குள் அடைபட்டு இருக்கும் என்பது உண்மை. ஆனாலும் சாலை தேயும், உதிரும். சாயமிட்ட இழையைச் சேர்க்கும் முன் அதில் இருந்து நீரில் என்ன கசிகிறது என்று ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும். பிளாஸ்டிக் சாலை தேயும்போது நுண்பிளாஸ்டிக் உதிராதா என்ற கேள்வியையும் ஆய்வாளர்கள் எழுப்புகிறார்கள். நியாயமான கேள்வி. மேலடுக்கில் ஜல்லி உதிராத அளவுக்குத் தரமாகப் போடுவதும், பழைய சாலையைச் சுரண்டி எடுக்கும்போது அந்தத் துகளை ஓடையில் கொட்டாமல் மீண்டும் சாலைக்கே பயன்படுத்துவதும் அதற்கான குறைந்தபட்ச ஏற்பாடு.

இன்னொரு பக்கம், எதுவும் செய்யாமல் இருந்தால் இந்தக் கழிவு எங்கே போகிறது என்பதும் நமக்குத் தெரிந்ததே. காலி மனையில் தீ வைக்கிறார்கள். கைவிட்ட பாறைக்குழியில் குப்பையைக் கொட்டுவதும், சுற்றியுள்ள கிராமத்து மக்கள் அதை எதிர்த்துப் போராடுவதும் செய்தியில் வந்தபடியே இருக்கிறது.

நாம் செய்யக்கூடியது

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று சிறுவயதில் மதரஸாவில் படித்திருக்கிறோம். முள்ளையும் கல்லையும் அகற்றினால் முடிந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

காதர்பேட்டையில் கடை வைத்திருப்பவர்களும் பேக்கிங் செக்‌ஷன் நடத்துபவர்களும் பாலி கவரைத் தனியாகச் சேர்த்து வைப்பது முதல் வேலை. டேப், ஸ்டிக்கர், டேக் எல்லாம் நீக்கி, உலர்ந்ததாக இருக்க வேண்டும். ஈரமும் மண்ணும் கலந்த பிளாஸ்டிக் ஜல்லியில் ஒட்டாது. பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், 2016, மறுசுழற்சிக்கு ஆகாத பிளாஸ்டிக்கைச் சாலைக்குப் பயன்படுத்துவதை உள்ளாட்சிகள் ஊக்குவிக்க வேண்டும் என்கின்றன. ஆகவே தெருவில் உள்ள கடைகள் ஒன்று சேர்ந்து மாதம் ஒருமுறை மாநகராட்சி எடுத்துச் செல்லக் கேட்கலாம்.

தெருவில் புதிய சாலைக்கு டெண்டர் விட்டால் ஜமாஅத் நிர்வாகிகளும் பகுதிப் பெரியவர்களும் வார்டு கவுன்சிலர் வழியாகவோ தகவல் உரிமைச் சட்டத்திலோ நான்கு விஷயங்களைக் கேட்கலாம். மேலடுக்கில் ஜல்லியின் அதிகபட்ச அளவு என்ன? பிளாஸ்டிக்கோ ரப்பரோ எத்தனை சதவீதம், எந்த வழிகாட்டியின்படி? சாலை பெயர்ந்தால் ஒப்பந்ததாரர் எத்தனை ஆண்டு பொறுப்பு? குடிநீர், பாதாளச் சாக்கடை, கேபிள் வேலையெல்லாம் முடிந்துவிட்டதா? கடைசிக் கேள்விதான் மிக முக்கியம். புதுச் சாலை போட்ட மூன்றாம் மாதம் குழாய்க்காகத் தோண்டினால், எந்த ஊர்த் தொழில்நுட்பமாக இருந்தாலும் பாழ்தான்.

சாலை போடும் நாளில் ஒரு நிமிடம் வெளியே வந்து பாருங்கள். லாரியில் இருந்து கொட்டும் கலவை ஆவி பறக்கச் சூடாக இருக்க வேண்டும். ஆறிப்போன கலவையை ரோலர் எத்தனை முறை ஏறினாலும் இறுக்க முடியாது. மழை தூறும்போது போட்டால் நிறுத்தச் சொல்லலாம். கண் எரியும் புகையோ பிளாஸ்டிக் கருகும் நாற்றமோ வந்தால் சூடு அதிகம், அல்லது சேரக் கூடாதது சேர்ந்திருக்கிறது என்று பொருள். பொறியாளரை அழைத்துக் கேளுங்கள், கைப்பேசியில் படமும் எடுத்து வையுங்கள்.

இதற்கெல்லாம் காத்திருக்காமல் இன்றே செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. நம் சமுதாயத்தில் லாரியும் டெம்போவும் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். பின்கதவுக்கும் சட்டத்துக்கும் இடையில் பழைய டயரை வெட்டிய ஒரு பட்டையை வைத்து முடுக்கி, தொங்கும் சங்கிலியை ஒரு ரப்பர் துண்டால் கட்டிவிட்டால், காலி வண்டி பள்ளத்தில் இறங்கும்போது பாதித் தெரு விழித்துக்கொள்ளாது. செலவு, பஞ்சர் கடையில் ஒரு டீக்காசு.